ஒரே தோட்டா, இரண்டு துப்பாக்கிகள்

கைத்துப்பாக்கிக்கென்று செய்த தோட்டாவைத் தோளில் ஊன்றிச் சுடும் நீளத் துப்பாக்கியிலும் போட்டுச் சுடும் வழக்கம் அமெரிக்காவில் நூற்றைம்பது ஆண்டுகளைத் தாண்டியது. அத்தகைய துப்பாக்கியைப் பிஸ்டல் தோட்டா கார்பைன் என்கிறார்கள். குதிரைவீரனுக்கும் எல்லைப்புறக் குடியேறிக்கும் பயன்பட்ட இந்த ஏற்பாடு பிறகு காவல்துறைக்குப் போயிற்று. இன்று விரைவுச் சுடுதல் போட்டிகளில் தனிப் பிரிவாக நிற்கிறது. இதன் வரலாற்றை நடத்திச் சென்றது துப்பாக்கி என்பதைவிடத் தோட்டா என்பதே சரி. தோட்டாவின் வலிமையும் வரம்பும்தான் ஒவ்வொரு காலத்திலும் இந்த ஆயுதத்தின் வடிவத்தைத் தீர்மானித்தன. இன்றைய போட்டியாளர் எதை வாங்குவது, எப்படிப் பழகுவது என்பதற்கும் விடை அங்கேதான் இருக்கிறது.

தொடக்கம் கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவன் நகரில். சட்டை தைத்து விற்றுப் பணம் சேர்த்த ஆலிவர் வின்செஸ்டர் அங்கே துப்பாக்கித் தொழிலில் இறங்கியிருந்தார். அவருடைய ஆலையில் வேலை பார்த்த பெஞ்சமின் டைலர் ஹென்றி 1860 அக்டோபரில் ஒரு துப்பாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். குழலுக்கு அடியில் நீண்ட குழாய். அதில் பதினாறு தோட்டாக்கள். விசைக்காப்போடு சேர்ந்த லீவரைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் காலிக்கூடு வெளியே தெறித்து அடுத்த தோட்டா அறைக்குள் ஏறும். அமெரிக்க உள்நாட்டுப் போரின் பெரும்பாலான வீரர்கள் ஒவ்வொரு சூட்டுக்கும் குழலின் வாய்ப்பக்கமாக மருந்தையும் குண்டையும் இடித்துக்கொண்டிருந்த காலம் அது. வடக்குப் படை வீரர்கள் பலர் சொந்தக் காசில் ஹென்றி துப்பாக்கியை வாங்கிக்கொண்டார்கள்.

ஆனால் ஹென்றியின் .44 தோட்டா சிறியது. லீவரின் பொறியமைப்பு நீளமான, பலத்த தோட்டாவைத் தாங்கவில்லை. அதனால் ரிவால்வருக்குரிய அளவு மருந்தோடுதான் அந்த நீளத் துப்பாக்கி பிறந்தது. வேகமும் கொள்ளளவும் வேண்டுமானால் வலிமையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற பேரம் அன்றே முடிவாகிவிட்டது. இன்றுவரை அது மாறவில்லை.

ஹென்றியில் இன்னொரு குறையும் இருந்தது. தோட்டாக் குழாயின் அடியில் நீளவாக்கில் திறந்த பிளவு. அதன் வழியே மண்ணும் சேறும் உள்ளே போயின. முன்பக்கம் மரப்பிடி கிடையாது. பத்திருபது முறை சுட்டதும் குழலைத் தொட முடியாமல் கை சுட்டது. 1866இல் வந்த வின்செஸ்டர் மாடல் இரண்டையும் தீர்த்தது. நெல்சன் கிங் என்பவர் உடற்பகுதியின் பக்கவாட்டில் வில்விசைக் கதவு ஒன்றை வைத்து, அதன் வழியே தோட்டாவைத் தள்ளும்படி செய்தார். குழாய் மூடியதாயிற்று, முன்பிடி வந்தது. பித்தளை நிற உடலுக்காக அதற்கு 'மஞ்சள் பையன்' என்று பெயர் விழுந்தது.

1876இல் மொன்டானாவின் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் அமெரிக்கத் தளபதி கஸ்டரின் குதிரைப்படையை லகோட்டா, செயென் பழங்குடி வீரர்கள் அழித்தபோது இந்தத் துப்பாக்கிகளின் தன்மை எல்லார் கண்ணிலும் பட்டது. அமெரிக்கப் படையினர் கையில் இருந்தவை ஒரு தோட்டா போட்டு ஒரு முறை சுடும் ஸ்பிரிங்ஃபீல்டு கார்பைன்கள். எதிர்த்தரப்பில் கணிசமானவர்களிடம் ஹென்றியும் வின்செஸ்டரும் இருந்தன. 1980களில் அந்தப் போர்க்களத்தைத் தோண்டி ஆராய்ந்த தொல்லியலாளர்கள் .44 ஹென்றி தோட்டாவின் காலிக்கூடுகளை ஏராளமாக எடுத்தார்கள். ஸ்பிரிங்ஃபீல்டின் குண்டு தூரம் போகும், பலமாக அடிக்கும். ஆனால் கிட்டத்தில் நெருங்கிவிட்ட சண்டையில் அடுத்தடுத்துச் சுடும் ஆற்றலுக்குத் தனி மதிப்பு இருந்தது.

ஒரே தோட்டா இரண்டு துப்பாக்கிக்கும் என்ற வழக்கம் முழு வடிவம் பெற்றது வின்செஸ்டர் 1873 மாடலோடுதான். அதற்கென வந்த .44-40 தோட்டாவில் 200 கிரெய்ன் எடையுள்ள குண்டும் 40 கிரெய்ன் கருமருந்தும் இருந்தன. 1878இல் கோல்ட் நிறுவனம் தன் ரிவால்வரை இதே தோட்டாவுக்கு ஏற்றபடி செய்து விற்றது. அதன் பிறகு மேய்ச்சல்காரனோ தபால் வண்டிக் காவலனோ ஒரே வாரில் ஒரே வகைத் தோட்டாவைச் செருகிக்கொண்டால் போதும். இடுப்பிலிருக்கும் ரிவால்வருக்கும் சேணத்தில் தொங்கும் கார்பைனுக்கும் அதுவே. அடுத்த கடை நூறு மைல் தள்ளி இருக்கும் நாட்டில் இது சிறிய வசதி அல்ல. 1873 மாடல் ஏழு லட்சத்துக்கு மேல் விற்றது.

திரைப்படங்களால் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. மேற்குப் பகுதியின் புகழ்பெற்ற .45 கோல்ட் தோட்டாவை அக்கால லீவர் துப்பாக்கிகள் எதுவும் சுடவில்லை. அந்தத் தோட்டாவின் அடிவிளிம்பு மிகக் குறுகியது. காலிக்கூட்டைப் பிடித்து இழுக்கும் கொக்கிக்கு அதில் போதிய பிடிமானம் இல்லை. .45 கோல்ட் லீவர் துப்பாக்கிகள் வந்ததெல்லாம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், விளிம்பை மாற்றிச் செய்த தோட்டாக்களோடு.

1886இல் பிரெஞ்சுப் படை புகையில்லா மருந்தை ஏற்றதும் நிலைமை மாறியது. ரைபிள் குண்டு சிறுத்து, வேகம் பெருகி, தூரம் நீண்டது. பிஸ்டல் தோட்டா அந்த ஓட்டத்தில் பின்தங்கிவிட்டது. ஜான் பிரௌனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1892 மாடல் பழைய .44-40 தோட்டாவிலேயே பல லட்சம் விற்றாலும், அதற்கு இரண்டே ஆண்டுகள் பின்னால் வந்த 1894 மாடலும் அதன் .30-30 தோட்டாவும்தான் வேட்டைக்காரர்களின் கைக்குப் போயின.

ஐரோப்பாவில் இதே எண்ணம் வேறு வழியாக வந்தது. தானியங்கிப் பிஸ்டலுக்குக் கழற்றி மாட்டும் மரக்கட்டை வைத்துத் தோளில் ஊன்றும்படி செய்தார்கள். மவுசர் சி96 பிஸ்டலின் மர உறையே பின்கட்டையாகவும் பொருந்தியது. ஜார்ஜ் லூகரின் பெயரோடு 9 மில்லிமீட்டர் பாராபெல்லம் தோட்டா 1902இல் உருவானது. முதல் உலகப் போரின் பதுங்குகுழிச் சண்டையில் நீண்ட ரைபிள் திரும்பவே இடமில்லாமல் தடுமாறியபோது, 1918இல் ஜெர்மானியர்கள் எம்பி18 என்ற குட்டை இயந்திரத் துப்பாக்கியை இறக்கினார்கள். ஹியூகோ ஷ்மைசர் வடிவமைத்த அது இதே 9 மில்லிமீட்டர் தோட்டாவைச் சுட்டது. பூட்டு எதுவும் இல்லாமல், கனத்த போல்ட்டின் எடையாலும் வில்லின் தாங்குதலாலும் மட்டும் அறையை மூடிவைக்கும் எளிய அமைப்பு. குண்டு குழலை விட்டுப் போகும்வரை போல்ட்டின் கனம் அறை திறப்பதைத் தாமதப்படுத்தும். அழுத்தம் குறைந்ததும் போல்ட் பின்னால் போய்க் காலிக்கூட்டை எறியும். பிஸ்டல் தோட்டாவின் குறைந்த அழுத்தத்துக்கு இதுவே போதும். இதைச் செய்ய நுட்பமான கடைசல் வேலை அதிகம் வேண்டாம். இந்த எளிமையின் விலையைப் பிற்காலப் போட்டியாளர்கள் கொடுக்க வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டில் 'கார்பைன்' என்றாலே காவலர் தோளில் தொங்கும் ஸ்டெர்லிங் துப்பாக்கிதான் நினைவுக்கு வரும். ஜார்ஜ் பேச்செட் வடிவமைத்து, 1953இல் பிரிட்டன் ஏற்றுக்கொண்ட அந்த ஆயுதம் பின்னர் கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையில் உரிமம் பெற்றுத் தயாரிக்கப்பட்டது. அதுவும் எம்பி18 காட்டிய வழியில் வந்த 9 மில்லிமீட்டர் துப்பாக்கியே. இந்தியாவில் அந்தத் தோட்டா சாதாரண உரிமதாரருக்குத் தடைசெய்யப்பட்ட வகையில் வருவதால், கார்பைன் இங்கே சீருடையோடு நின்றுவிட்டது, விளையாட்டாக வளரவில்லை.

அமெரிக்காவில் கார்பைனின் இன்றைய உருவத்தை நிர்ணயித்தது ஒரு சட்டம். தாம்சன் குட்டை இயந்திரத் துப்பாக்கிகளைக் கொள்ளைக் கூட்டங்கள் ஏந்தியதைப் பார்த்து மிரண்ட நாடாளுமன்றம் 1934இல் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தை இயற்றியது. முதல் வரைவில் கைத்துப்பாக்கிகளும் கட்டுப்பாட்டுக்குள் இருந்தன. ரைபிளின் குழலை அறுத்துக் கைத்துப்பாக்கி போல் மறைத்து வைத்துக்கொண்டு யாரும் தப்பக் கூடாது என்பதற்காகக் குட்டைக் குழல் ரைபிளையும் சேர்த்தார்கள். பிறகு எதிர்ப்பு வலுத்துக் கைத்துப்பாக்கியை நீக்கிவிட்டார்கள். குட்டைக் குழல் விதி மட்டும் தங்கிவிட்டது. காரணம் போன பிறகும் கட்டுப்பாடு நின்ற கதை இது. தொடக்கத்தில் 18 அங்குலமாக இருந்த குறைந்தபட்ச நீளம் 1960இல் ரைபிள்களுக்கு 16 அங்குலமாயிற்று. கடையில் கிடைக்கும் பெரும்பாலான கார்பைன்களின் குழல் 16 அங்குலமாக இருப்பது இதனால்தான். 9 மில்லிமீட்டர் தோட்டாவின் மருந்து பத்துப் பன்னிரண்டு அங்குலத்துக்குள் பெரும்பாலும் எரிந்து தீர்ந்துவிடுகிறது. அதற்கு மேலுள்ள குழல் குண்டுக்குப் பெரிதாக எதுவும் தருவதில்லை.

1980களில் கார்பைன் மெல்லத் திரும்பி வந்தது. யூசி துப்பாக்கியின் அரைத்தானியங்கி வடிவம் இறக்குமதியானது. 1985இல் மார்லின் நிறுவனம் 'கேம்ப் கார்பைன்' என்ற மலிவான துப்பாக்கியை வெளியிட்டது; அதன் 9 மில்லிமீட்டர் மாடல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் பிஸ்டலின் மேகசினையும், .45 மாடல் கோல்ட் 1911 பிஸ்டலின் மேகசினையும் ஏற்றன. தோட்டா மட்டுமல்லாமல் மேகசினும் பொதுவாயிற்று. ரூகர் 1990களில் காவல்துறையை மனதில் வைத்து ஒரு கார்பைன் செய்தது, பத்தாண்டில் நிறுத்திவிட்டது. 2003இல் பெரெட்டா சிஎக்ஸ்4 வந்தது. எதுவும் பெரிய அலையாக எழவில்லை. ரைபிளின் பலமும் இல்லை, பிஸ்டலின் கைக்கடக்கமும் இல்லை. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற கேள்விக்குச் சந்தையிடம் விடை இல்லை.

விடை சுடுதளத்தில் கிடைத்தது. முதலில் கண்டுகொண்டவர்கள் கௌபாய் போட்டிக்காரர்கள். 1987இல் தொடங்கிய ஒற்றைச் செயல் சுடுவோர் சங்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டு உடையும் ஆயுதமும் கொண்டு போட்டி நடத்தியது. இரண்டு ரிவால்வர், ஒரு ஷாட்கன், ரிவால்வர் தோட்டாவைச் சுடும் ஒரு லீவர் ரைபிள் என்பது அதன் கணக்கு. இலக்குகள் எஃகுத் தகடுகள், அதுவும் கிட்டத்தில். ரைபிள் தோட்டாவை அப்படிச் சுட்டால் தகடு குழிந்து சில்லு தெறிக்கும். மெதுவாகப் போகும் ஈயக் குண்டு தட்டையாகி விழுந்துவிடும். இத்தாலிய உபெர்ட்டி நிறுவனத்தின் 1873 நகல்கள் இந்தப் போட்டியில் கோலோச்சின. லீவரின் வீச்சைக் குறைக்கும் உதிரிப்பாகங்களைப் பொருத்தி, பத்துத் தோட்டாக்களைக் கண் சிமிட்டும் நேரத்தில் காலி செய்யும் கைகள் உருவாயின. அசலை விட நகல் வேகமாகச் சுட்டது இந்த விளையாட்டின் விந்தை.

மறுபக்கம், ஜெஃப் கூப்பர் கலிபோர்னியாவில் தொடங்கிவைத்த நடைமுறைப் பிஸ்டல் போட்டிகள் 1976இல் மிசௌரி மாநிலம் கொலம்பியாவில் பன்னாட்டுக் கூட்டமைப்பாக உருப்பெற்றன. அதன் அமெரிக்கப் பிரிவு யுஎஸ்பிஎஸ்ஏ 1984இல் வந்தது. இந்தப் போட்டியில் எடுத்த புள்ளிகளைப் பிடித்த நொடிகளால் வகுத்து வரும் ஈவே மதிப்பெண். எண்பது புள்ளியைப் பத்து நொடியில் எடுத்தவருக்கு எட்டு. அதே எண்பதை எட்டு நொடியில் எடுத்தவருக்குப் பத்து. துல்லியத்தை விற்று வேகத்தை வாங்கலாம், வேகத்தை விற்றுத் துல்லியத்தையும் வாங்கலாம். இரண்டில் எதைக் கூடுதலாக விற்றாலும் நட்டம்.

2016இல் யுஎஸ்பிஎஸ்ஏ பிஸ்டல் தோட்டா கார்பைனைத் தற்காலிகப் பிரிவாகச் சேர்த்தது. மறு ஆண்டு இன்னொரு பிஸ்டல் போட்டிச் சங்கமான ஐடிபிஏவும் சேர்த்துக்கொண்டது. தகடுகளை மட்டும் சுடும் ஸ்டீல் சேலஞ்ச் போட்டியில் சிவப்புப் புள்ளி காட்டும் குறிநோக்கிக்கும் இரும்புக் குறிநோக்கிக்கும் தனித்தனிக் கார்பைன் பிரிவுகள் வந்தன. பன்னாட்டுக் கூட்டமைப்பும் தனி விதிநூல் எழுதியது. இவ்வளவு விரைவில் இது பரவியதற்குப் பெரிய காரணம் இடம்தான். பிஸ்டலுக்கென்று கட்டிய மண்மேட்டு அறைகளும் எஃகுத் தகடுகளும் ஊர் ஊராக இருந்தன. அவற்றை மாற்றாமலே கார்பைனை அனுமதிக்க முடிந்தது. கண் மங்கி, மணிக்கட்டு தளர்ந்து பிஸ்டலைக் கைவிட்ட பல மூத்த போட்டியாளர்களும் தோளில் ஊன்றும் துப்பாக்கியோடு திரும்பி வந்தார்கள். ஒரு விளையாட்டு தன் பழையவர்களைத் திரும்ப அழைத்துக்கொள்வது நல்ல காரியம்.

விதிகளில்தான் சிக்கல் இருந்தது. பிஸ்டல் போட்டி முழுவதும் இடுப்பு உறையை நம்பி அமைந்தது. கார்பைனுக்கு உறை கிடையாது. ஆகவே அது சுடுதளத்தில் பைக்குள்ளோ வண்டியிலோ வரும். அறை காலி என்று காட்ட வண்ணப் பிளாஸ்டிக் கொடி ஒன்று அறைக்குள் செருகியிருக்கும். போட்டியாளர் முறை வந்ததும் அதிகாரி கட்டளையிட்ட பிறகே கொடியை எடுத்து மேகசினை மாட்டுவார். பின்கட்டை இடுப்பு வாரைத் தொட, குழல் மண்மேட்டை நோக்க, பாதுகாப்புப் பூட்டைப் போட்டு, விரலை விசைக்கு வெளியே நீட்டி நிற்பார். நேரம் அளக்கும் கருவியின் ஒலி கேட்டதும் கட்டை தோளுக்கு ஏறும். முடிந்ததும் மேகசினைக் கழற்றி, காலி அறையைக் காட்டி, கொடியை மீண்டும் செருகிய பின்புதான் மற்றவர்கள் இலக்குப் பக்கம் நடக்கலாம். குழல் போட்டியாளரின் இருபுறமும் நீளும் பக்கவாட்டுக் கோட்டைத் தாண்டிப் பின்னால் திரும்பினால் அன்றைய போட்டியிலிருந்தே வெளியேற்றம்.

தோட்டாவின் ஆற்றலை அளக்கக் குண்டின் எடையைக் கிரெய்னிலும் வேகத்தை நொடிக்கு அடியிலும் பெருக்கி ஆயிரத்தால் வகுக்கிறார்கள். 125 வந்தால் 'மைனர்' என்ற கீழ்த் தரம். யுஎஸ்பிஎஸ்ஏவில் கார்பைன் எவ்வளவு பலமாகச் சுட்டாலும் மைனராகவே மதிப்பெண் பெறும்: நடுப்பகுதிக்கு 5, அடுத்ததற்கு 3, ஓரத்துக்கு 1. எனவே பெரிய தோட்டாவால் பயனில்லை. விலை மலிவான, உதைப்புக் குறைந்த 9 மில்லிமீட்டரே ஏறத்தாழ எல்லார் கையிலும் இருக்கிறது. நீளக் குழல் வேகத்தைச் சற்றுக் கூட்டுவதால், தானே தோட்டா நிரப்புபவர் மருந்தைக் குறைத்தும் 125ஐத் தொட்டுவிடலாம்.

அமைப்பைத் தேர்வதில் எம்பி18 காலத்துப் பிரச்சினை மீண்டும் தலைகாட்டுகிறது. ஏஆர்-15 வடிவக் கார்பைன்களில் பல பூட்டில்லாதவை. போல்ட்டும் அதன் பின்னுள்ள தாங்கியும் சேர்ந்து அரைக் கிலோவைத் தாண்டும். அந்தக் கனம் ஒவ்வொரு சூட்டிலும் பின்னால் மோதி, முன்னால் மோதி, குறிநோக்கியின் சிவப்புப் புள்ளியைக் குதிக்கவைக்கிறது. தோளில் வலி இல்லை. ஆனால் அடுத்த சூட்டுக்குப் புள்ளி இலக்கில் நிலைக்க நேரம் பிடிக்கிறது. இதற்குத் தீர்வு தேடியவர்கள் மூன்று வழி போனார்கள். சிலர் தாங்கியின் எடையையும் வில்லையும் மாற்றிச் சமன்செய்தார்கள். சிலர் 1960களில் ஹெக்லர் அண்ட் காக் எம்பி5இல் வைத்த உருளைத் தாமத அமைப்பை நாடினார்கள். உருளைகள் போல்ட்டைத் தாமதப்படுத்துவதால் அதன் கனம் குறையலாம். சிக் எம்பிஎக்ஸ் போன்றவை வாயுவால் இயங்கும் பூட்டிய போல்ட்டை வைத்தன. பின்னிரண்டும் மென்மையாகச் சுடும், விலையும் கூடும். புதிதாக வருபவருக்கு, பழுதில்லாமல் ஓடும் சாதாரண பூட்டில்லாத் துப்பாக்கியே போதும். முதல் ஆண்டில் போட்டியை இழப்பது பெரும்பாலும் சிக்கிய தோட்டாவால். புள்ளி குதித்ததால் அல்ல.

மேகசின் விஷயத்தில் க்ளாக் பிஸ்டலின் மேகசின் பொதுமொழியாகிவிட்டது. 2017 இறுதியில் ரூகர் மீண்டும் கொண்டுவந்த கார்பைன் ரூகர், க்ளாக் இரண்டின் மேகசினையும் ஏற்கும்படி வந்தது. யுஎஸ்பிஎஸ்ஏ நீளச் சுற்றில் அதிகபட்சம் 32 சூடுகள்தான். நாற்பதுக்கு மேல் கொள்ளும் மேகசின் வைத்திருப்பவர் மாற்றவே வேண்டாம். அதனால் இந்தப் பிரிவின் பயிற்சியில் மேகசின் மாற்றம் பின்னுக்குப் போய், கால்கள் முன்னுக்கு வந்தன. நடந்துகொண்டே சுடுவது, ஓர் இடத்தை விட்டுக் கிளம்பும்போதே அடுத்த இலக்குக்குத் துப்பாக்கியைத் தயாராக்குவது, தாழ்ந்த சன்னலில் நீளக் குழல் இடிக்காமல் நுழைவது ஆகியவைதான் நேரத்தைத் தின்கின்றன. பின்கட்டையைத் தோளின் உள்பக்கம் ஊன்றி, முன்னால் தாங்கும் கையை முன்பிடியில் தூர நீட்டி, உடலை முன்னால் சாய்த்து நிற்பவருக்கு இலக்கிலிருந்து இலக்குக்குத் திருப்புவது எளிது. பெரும்பகுதியைத் தோட்டா இல்லாமலே வீட்டில் பழகலாம். துப்பாக்கி காலி என்று இருமுறை பார்த்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டுத்தான்.

பிஸ்டலிலிருந்து வருபவர்களைத் தொடர்ந்து ஏமாற்றுவது குறிநோக்கியின் உயரம். ஏஆர் வடிவத்தில் சிவப்புப் புள்ளி குழலுக்கு ஆறரை சென்டிமீட்டர் அளவு மேலே இருக்கிறது. 25 கெஜத்தில் புள்ளியும் குண்டும் சேரும்படி சரிசெய்தால், 10 மீட்டரில் குண்டு மூன்று சென்டிமீட்டர் போலக் கீழே விழும். 7 மீட்டரில் நான்கு. 3 மீட்டரில் ஐந்தரை. யுஎஸ்பிஎஸ்ஏ அட்டையின் தலைப்பகுதியில் முழுப் புள்ளி தரும் கட்டம் பத்து சென்டிமீட்டர் அகலமும் ஐந்து சென்டிமீட்டர் உயரமும்தான். 7 மீட்டரில் அதன் நடுவில் புள்ளியை வைத்துச் சுட்டால் குண்டு கட்டத்துக்கு வெளியே போய்விடும். கீழே சுடக்கூடாத வெள்ளை அட்டை ஒட்டியிருந்தால் பத்துப் புள்ளி அபராதம் வேறு. கார்பைன் வாங்குபவர் புது வில்லுக்கும் விசைக்கும் செலவழிக்கும் முன், 3, 7, 10, 15 மீட்டரில் வெள்ளைத் தாளைச் சுட்டு, ஒவ்வொன்றிலும் குண்டு எவ்வளவு கீழே விழுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும்; அந்த நான்கு எண்களும் யோசிக்காமல் கைக்கு வரும்வரை அதையே பழக வேண்டும்.